பதில்: தொப்பூர் இறக்கத்திலிருந்து அழைத்தால் இடம் தானாகத் தெரியாதா?

பைக்கில் விழுந்தவருக்காக, தர்மபுரி-சேலம் ரோட்டிலுள்ள தொப்பூர் மலை இறக்கத்திலிருந்து ஆம்புலன்ஸுக்கு அழைத்தபோது மூன்று முறை இடம் கேட்டார்கள், போனே காட்டிக்கொடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சல் நியாயம்தான்.

டவரை வைத்துப் பார்த்தால் எந்த டவர், அதற்கு எந்தத் திசை என்பதுதான் தெரியும். தர்மபுரி டவுனில் அது சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். டவர்கள் தள்ளித் தள்ளி நிற்கும் மலைப்பக்கம் பல கிலோமீட்டருக்கு விரியும். துல்லியமாகத் தெரிய போனின் ஜிபிஎஸ் கணக்கு அவர்கள் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதை நம்பி நிற்காதீர்கள்.

வாயால் சொல்வதே மேல். ரோட்டோரம் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் இருக்கும், அதிலுள்ள எண்ணைப் படியுங்கள். அப்புறம், சேலம் போகும் இறக்கமா, தர்மபுரி வரும் ஏற்றமா என்று கட்டாயம் சொல்லுங்கள். பக்கம் மாறினால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். என் மச்சான் லாரி கவிழ்ந்த அன்று "கோயில் பக்கத்துல, கோயில் பக்கத்துல" என்றே கத்திக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் கோயிலுக்கா பஞ்சம்!

உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லையென்றாலும் அவசர எண்ணான 112 அடித்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அது வழியாகப் போகும். நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கூகுள் மேப்பில் நீலப் புள்ளிமேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களை அப்படியே படித்துச் சொல்லலாம்.