சேபாவுக்கு ஒரு பகல் போதாது

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் நியூயார்க்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து நாலு நாள் கரீபியன் கடலில் இருக்கும் சின்ட் மார்ட்டன் தீவு. அதில் ஒரு பகல் பக்கத்திலுள்ள நெதர்லாந்துத் தீவான சேபாவுக்குப் போய்வரலாம் என்று எண்ணம். அங்கே கடற்கரையே கிடையாது என்கிறான் மகன். என் மனைவிக்குச் சின்ன விமானம் என்றால் பயம். போகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அவசியம் போங்கள். ஆனால் செப்டம்பரில் வேண்டாம். அது புயல் உச்சத்தில் இருக்கும் மாதம். 2017-ல் இர்மா புயல் சின்ட் மார்ட்டனைப் புரட்டிப்போட்டதும் செப்டம்பரில்தான். பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள்.

மகன் சொன்னது கிட்டத்தட்ட சரி. கடலிலிருந்து நேராக எழும் எரிமலைதான் சேபா, மொத்தமே 13 சதுர கிலோமீட்டர். அங்கே பார்க்க வேண்டியது சாலை. இந்தச் செங்குத்தில் சாலை போடவே முடியாது என்று நெதர்லாந்துப் பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர் ஜோசபஸ் லாம்பர்ட் ஹாசெல் தபால் வழியில் சாலை போடும் பொறியியலைப் படித்தார். 1938-ல் வேலை ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் கையாலேயே கட்டினார்கள். துறைமுகத்திலிருந்து தி பாட்டம் ஊர் வரை முதல் துண்டு முடியவே 1943 ஆகிவிட்டது. அதற்கு முன் சாமான்கள் எல்லாம் பாறையில் வெட்டிய 800 படிகளில் தலைச்சுமையாக ஏறின. கொஞ்ச தூரமாவது வண்டியை விட்டு இறங்கி நடங்கள், ஓரத்துக் கல்சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

மலை உச்சி 887 மீட்டர், 1,064 படிகள். நான் ஏறிய அன்று மேலே ஒரே மேகம். மரமெல்லாம் பாசி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முக்கால் மணி நேரம் நனைந்தபடி நின்றோம். சட்டென்று மேகம் விலகி, கீழே விண்ட்வர்ட்சைடு கிராமத்தின் சிவப்புக் கூரைகள் தெரிந்தன. எண்ணி முடிப்பதற்குள் மூடிக்கொண்டது. மாலைப் படகைப் பிடிக்கும் அவசரம் இருந்திருந்தால் அதற்கு முன்பே இறங்கியிருப்போம். அதனால்தான் சொல்கிறேன், மூன்று இரவாவது தங்குங்கள்.

சேபா விமான நிலையத்தின் ஓடுபாதை வெறும் 400 மீட்டர், இரண்டு முனையிலும் கடல். இதை மனைவியிடம் மறைக்காதீர்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற விமானிகள், குறைந்த தூரத்தில் நின்றுவிடும் ட்வின் ஆட்டர் விமானம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லையா, படகு இருக்கிறது. சுமார் ஒன்றரை மணி நேரம். அலை தூக்கிப்போடும், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். காற்று பலத்தால் இரண்டுமே ரத்தாகலாம், அதனால் நியூயார்க் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

அப்புறம், தங்கும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டபடி பல் தேய்க்காதீர்கள். அங்கே ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் வீட்டுக்கு வீடு புழங்குகிறார்கள்.