டோக்கன், எக்செல், பாமினி: அலுவலகக் கணினி கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தில் நான்கு கணினிகள், எல்லாமே விண்டோஸ் 10. இரண்டில் புராசஸர் பழையது என்று விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. மற்ற இரண்டிலும் டி.பி.எம். (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு) இல்லை என்று வருகிறது. நன்றாக ஓடும் கணினிகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? (திருப்பூர்)

பதில்: நான்கையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டாம். டி.பி.எம். இல்லை என்று சொல்லும் இரண்டும் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் திறந்தால் புராசஸர் பெயர் தெரியும். இன்டெல் ஐ5-7200 என்றால் 7-ஆம் தலைமுறை, ஐ5-8250 என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ5-10210 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும். ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசையில் சில சேரும், சில சேராது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பி.சி. ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருந்தும் டி.பி.எம். இல்லை என்று வந்தால், அது பெரும்பாலும் பயாஸில் (கணினி எழும்பும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் இருப்பதை இயக்குங்கள். அதில் கை வைக்கும் முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் டி.பி.எம். அமைப்பை மாற்றினால் கணினி அடுத்த முறை அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது.

அடுத்த சிக்கல் பூட் முறை, அதாவது கணினி எழும்பும் விதம். விண்டோஸ் 11-க்கு யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை வேண்டும். பழைய லெகஸி முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு வகையில் இருக்கும்; யு.இ.எஃப்.ஐ.க்கு ஜி.பி.டி. வகை வேண்டும். பயாஸில் நேராக யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றினால் கணினி எழும்பாது. பயந்து ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். அமைப்பைத் திரும்ப லெகஸிக்கு மாற்றினால் பழையபடி எழும்பும். சரியான வரிசை இது: முழு பேக்கப், பிறகு விண்டோஸிலேயே உள்ள எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் டிஸ்க்கை ஜி.பி.டி.க்கு மாற்றுதல், அதன் பிறகு பயாஸில் யு.இ.எஃப்.ஐ., கடைசியாக செக்யூர் பூட் (எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு).

7-ஆம் தலைமுறைக் கணினிகளில் தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் அந்தக் கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டை அதே குறுக்கு வழியில் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். வாடிக்கையாளர்களின் பான், ஆதார், வங்கி விவரங்கள் இருக்கும் கணினியில் இதை நான் ஏற்க மாட்டேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. தனிநபர் கணினிகளுக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை உண்டு. கட்டணம் முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். பழைய கணினிக்கு அவ்வளவு கொடுப்பதைவிட, அந்த இரண்டையும் இணையத்திலிருந்து துண்டித்து, ஸ்கேன் செய்யவும் பழைய ஆண்டுக் கணக்குகளைத் திறந்து பார்க்கவும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்ததும் அதே நாளில்தான். விண்டோஸை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: புது லேப்டாப் வாங்கப் போகிறேன். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது என்று ஸ்னாப்டிராகன் லேப்டாப்பைச் சொல்கிறார்கள். மகள் மேக்புக் வாங்கச் சொல்கிறாள். டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன், டேலி கணக்கு மென்பொருள், ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இவைதான் என் பிழைப்பு. எது சரி? (கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் பிழைப்பே அந்த மூன்று பொருள்தான் என்றால், அவற்றுக்கு ஒத்துப்போகும் கணினியைத் தேடுவதே முறை. இன்டெல் அல்லது ஏ.எம்.டி. புராசஸர் உள்ள சாதாரண விண்டோஸ் லேப்டாப் வாங்குங்கள்.

காரணம் இதுதான். ஸ்னாப்டிராகன், ஆர்ம் வகைப் புராசஸர். இன்டெலுக்காக எழுதிய மென்பொருளை அதில் ஓட்ட விண்டோஸில் பிரிசம் என்றொரு மொழிமாற்று அடுக்கு இருக்கிறது. வேர்டு, பிரௌசர், பல கணக்கு மென்பொருள்கள் அதனால் தடையின்றி ஓடிவிடும். ஆனால் வெளிக்கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவர்களுக்கு அந்த அடுக்கு உதவாது. டிரைவர் ஆர்முக்கென்றே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். டோக்கனைச் செருகினால் விளக்கு எரியும், ஆனால் கையெழுத்திடும் நேரத்தில் சான்றிதழ் பட்டியல் காலியாக வரும் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. பல ஆண்டுகளுக்கு முன் வந்த டாட் மேட்ரிக்ஸுக்கு ஆர்ம் டிரைவரைத் தேடுவதும் பெரும்பாலும் வீண் அலைச்சல்.

மேக்புக்கிலும் இதே கதைதான், ஒரு படி கூடுதலாக. ஆப்பிளின் எம் வரிசைப் புராசஸர் உள்ள மேக்கில் பாரலல்ஸ் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸை ஓட்டினால், நடைமுறையில் அது ஆர்ம் விண்டோஸ்தான். ஆக, டிரைவர் சிக்கல் அங்கேயும் பின்தொடரும். டேலிக்கு மேக்கில் நேரடிப் பதிப்பு இல்லை. மேக்தான் வேண்டுமென்றால் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினியை வைத்து, டோக்கனை அதில் செருகி, அதன் முன் உட்கார்ந்து கையெழுத்திடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைந்து கையெழுத்திடப் பார்த்தால், அங்கே செருகிய டோக்கன் அந்த அமர்வில் தெரியாமல் போவது சகஜம்.

வாங்கும் முன் டோக்கனைக் கடைக்கே கொண்டுபோய், அதன் மென்பொருளை நிறுவி, உங்கள் சான்றிதழ் பெயர் திரையில் வருகிறதா என்று பார்க்கக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்; ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுப்பவர் கேட்கலாம். பார்த்து முடித்ததும் அந்தக் கணினியிலிருந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, டோக்கனை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ராம் 16 ஜி.பி. இருக்கட்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

கேள்வி: சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப சி.எஸ்.வி. கோப்பு வருகிறது. எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிகின்றன. கணக்கு எண்களும் மாறிவிடுகின்றன. கோப்பு கெட்டதா, எக்செல் கெட்டதா? (சேலம்)

பதில்: இரண்டும் கெடவில்லை. திறக்கும் விதம்தான் தவறு. சி.எஸ்.வி.யை இரட்டைக் கிளிக் செய்து திறக்கவே திறக்காதீர்கள்.

சி.எஸ்.வி. வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் குறியீட்டில் எழுதியது, எந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) எண் இருக்கிறது, எந்தப் பத்தியில் எழுத்து இருக்கிறது என்ற தகவல் எதுவும் அதற்குள் கிடையாது. இரட்டைக் கிளிக் செய்தால் எக்செல் தானாக ஊகிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடின் யு.டி.எஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். எக்செல் அவற்றைத் தனித்தனியே ஐரோப்பிய எழுத்தாகப் படிப்பதால்தான் ஒரு பெயர் மூன்று மடங்கு நீளக் குப்பையாகிறது.

இதைவிட ஆபத்தானது கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகலாம். எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களும் விழுந்துவிடும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் விழுந்த இலக்கம் திரும்ப வராது. சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகவோ, திரும்பி வரவோ இதுவே போதும்.

எக்செல்லில் புதுக் கோப்பைத் திறந்து, டேட்டா தாவலில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி. என்பதை அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யு.டி.எஃப்-8, டேட்டா டைப் டிடெக்‌ஷன் என்ற இடத்தில் தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற கடைசித் தேர்வு. பிறகு லோட். எல்லாப் பத்தியும் எழுத்தாகவே வரும், ஓர் இலக்கமும் மாறாது. தொகைப் பத்தியை மட்டும் பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பச் சேமிக்கும்போது சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8 என்று பெயரிலேயே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் சற்றுக் கீழே உள்ள சாதாரண சி.எஸ்.வி.யைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகும். முன்னே சொன்ன குப்பை எழுத்துகளையாவது சரியாகத் திறந்து மீட்கலாம். கேள்விக்குறியிலிருந்து எதையும் மீட்க வழியில்லை.

தேதியையும் பாருங்கள். கணினியின் ரீஜன் அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 05-04-2025 என்பதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25-04-2025 புரியாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பாதிப் பத்தி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நோய். ரீஜனை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றிவிட்டுக் கோப்பை மறுபடி முதலிலிருந்து கொண்டுவாருங்கள்.

கேள்வி: தலைமை அலுவலகம் அனுப்பும் எக்செல் கோப்பில், ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டதும் பெயர்ப் பிழை (#NAME?) என்று வந்துவிடுகிறது. எங்களிடம் ஆஃபீஸ் 2019. (நாகர்கோவில்)

பதில்: அங்கே பட்டியலில் தேடி விடை தரும் எக்ஸ்லுக்அப் சூத்திரம் போட்டிருப்பார்கள். அது எக்செல் 2021 முதலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் உண்டு. ஃபில்டர், யுனீக், சார்ட் (SORT) ஆகிய சூத்திரங்களும் அப்படியே. திறந்தவுடன் பழைய விடை தெரியும். மறுகணக்கு நடந்தவுடன் பிழை வரும். இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், எல்லாப் பதிப்பிலும் ஓடும். 2021-க்கு மாறுவதானால் அதன் ஆதரவும் 2026 அக்டோபர் 13-ல் முடிகிறது என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒரே முறை பணம் கட்டும் பதிப்பு வேண்டுமென்றால் 2024-ஐப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் இருபது ஆண்டுத் தீர்மானங்கள் எல்லாம் வேர்டில் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதுக் கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. யூனிகோடுக்கு மாற்ற முடியுமா? (மதுரை)

பதில்: முடியும், மாற்றியே ஆக வேண்டும். பாமினியை நிறுவினால் இன்றைக்குத் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினிக்கு அது இன்னமும் ஆங்கிலம்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. ஒரு தீர்மானத்தைப் பெயர் சொல்லித் தேட முடியாது, மின்னஞ்சலில் ஒட்ட முடியாது, கைபேசியில் படிக்க முடியாது.

மாற்றும் வேலை முழுவதிலும் சிரமம் தருவது இடையிடையே வரும் ஆங்கிலம். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது, இரண்டையும் தமிழாக்கிவிடும். அதனால் முழுப் பக்கத்தையும் அள்ளிப் போடாதீர்கள். வேர்டில் பாமினியில் உள்ள ஒரு சொல்லில் கர்சரை வைத்து, ஹோம் தாவலின் கடைசியில் உள்ள செலக்ட் பொத்தானில், இதே வடிவமைப்பில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்பதை அழுத்துங்கள். பாமினிப் பகுதி மட்டும் தேர்வாகும். அதற்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டால் எதை மாற்ற வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். வேலை எப்போதும் நகலில். மூலக் கோப்புகளை அழிக்கவே கூடாது.

மாற்றிய பிறகு பிழை திருத்த ஒருவர் உட்கார வேண்டும். பழைய தட்டச்சில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததால் ரகரத்துக்குப் பதில் கால் குறியையும் (ா), கால் குறிக்குப் பதில் ரகரத்தையும் போட்டிருப்பார்கள். கௌரி என்ற பெயர் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சாகி, கெளரி என்று மாறியிருக்கும். அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது. முதலில் ஆட்பெயர், ஊர்ப்பெயர், சர்வே எண் இவற்றை மூலத்தோடு ஒப்பிடுங்கள். சட்டத்தேவை வந்தால் கேட்கப்படுவது அவைதான்.

புதுக் கோப்புகளுக்கு விண்டோஸில் நிர்மலா யு.ஐ. போதும். லதா எழுத்துரு இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாகத் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் வரும். வெளியே அனுப்பும் தீர்மானங்களைப் பி.டி.எஃப். ஆக்கியே அனுப்புங்கள்.

கேள்வி: ஆறு பேர் உள்ள அலுவலகம். லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் தொகுப்புக்கு மாறலாமா? (புதுச்சேரி)

பதில்: உங்களுக்குள் எழுதி, பி.டி.எஃப். ஆக வெளியே அனுப்புவதானால் தாராளமாக மாறலாம். மற்றவர்களின் வேர்டு கோப்பில் திருத்தம் செய்து திருப்பி அனுப்புவது தினசரி வேலை என்றால், அந்த ஒருவர் கணினியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் இருக்கட்டும். பக்கம் நகர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா இவற்றின் எழுத்து அகலம் ஒன்றே என்பதால் வரிகள் அதே இடத்தில் உடையும். புதிய வேர்டில் இயல்பாக வரும் ஆப்டோஸுக்கு இப்படி ஒரு மாற்று லிப்ரேஆஃபீஸோடு வருவதில்லை. அனுப்புபவரிடம் கலிப்ரியில் அனுப்பச் சொல்லுங்கள். எக்செல் மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) சில ஓடும், சில ஓடாது; ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.