கமாண்டோ சாகசப் பழைய போர்ப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

யோசிக்கவே வேண்டாம், ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ (1961). காரணம் கிரிகரி பெக்கும் இல்லை, ஆண்டனி குவினும் இல்லை. ஒரு லிஃப்ட்.

எண்பதுகளில் சேலத்தில் ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் வயிற்றைப் புரட்ட இறங்கி வருவேன். செவ்வாய்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த மாமா படத்துக்குக் கூட்டிப்போவார்.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு கிரேக்கத் தீவின் குகையில் ஜெர்மன்காரர்களின் இரண்டு ராட்சத பீரங்கிகள். பக்கத்துத் தீவில் சிக்கிய 2,000 பிரிட்டிஷ் வீரர்களை மீட்க வரும் கப்பல்கள் அவற்றைத் தாண்ட முடியாது. ஒரு சின்னக் குழு பாறையேறிப் போய்த் தகர்க்க வேண்டும். (நவரோன் கற்பனைத் தீவு. படம் பிடித்தது ரோட்ஸ் தீவில்.)

வெடி வைப்பவர் டேவிட் நிவன். பீரங்கிமேல் கண்ணில் படுகிற மாதிரி கொஞ்சம் வைக்கிறார். அது எதிரி கண்டுபிடிப்பதற்காகவே. உண்மையான வெடி, குண்டு ஏற்றும் லிஃப்டுக்கு அடியில். லிஃப்ட் கீழே வந்து சக்கரம் ஒயரைத் தொட்டால்தான் வெடிக்கும். அதுவோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. தியேட்டரில் ஒரு விசில் இல்லை. மாமா மட்டும், “சர்க்யூட் முடியலடா மாப்ள, சர்க்யூட் முடியல” என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடையில் தீப்பெட்டிக்கு அடியில் சிகரெட் ஜிகினாத்தாளை ஒட்டி, நூலில் கட்டி, முனை உரித்த இரண்டு ஒயர்மேல் இறக்கிக் காட்டினார். டார்ச் பல்பு எரிந்தது. அன்று கடையில் வேறு வேலை நடக்கவில்லை.

‘வேர் ஈகிள்ஸ் டேர்’ (1968) படமும் பிடிக்கும். ரோப் கார் கூரைமேல் ரிச்சர்ட் பர்ட்டன் போடும் சண்டைக்காகவே பார்க்கலாம். ஆனால் அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட் சுட்டுத் தள்ளும் கணக்கு கொஞ்சம் ஓவர்.

நிஜம் வேண்டுமென்றால் ‘தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்’ (1965) பாருங்கள், அப்புறம் அசல் சம்பவத்தையும் படியுங்கள். 1943 பிப்ரவரியில் ஜெர்மன்காரர்களின் அணு ஆராய்ச்சிக்குத் தேவையான கனநீரைத் தயாரித்த, நார்வேயின் வெமோர்க் ஆலைக்குள் நார்வே கமாண்டோக்கள் நுழைந்தார்கள். ஒரு தோட்டா சுடவில்லை. வெடித்ததைக் காதால் கேட்டுவிட்டே போகவேண்டும் என்று, தலைவர் ரோனபெர்க் 2 நிமிடத் திரியை 30 விநாடிக்கு வெட்டிவிட்டார். அந்த அவசரத்தில் ஆலைக் காவலாளி, “என் மூக்குக்கண்ணாடியைக் காணோம்” என்றாராம். வேலையை நிறுத்திவிட்டுத் தேடினார்கள்.

இதை மாமாவிடம் சொன்னேன். 30 விநாடியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், “கண்ணாடி கிடைச்சுதா?” என்றார்.

கிடைத்தது.