புயல் கிளம்பிய பிறகு வெள்ளக் காப்பீடு எடுக்கலாமா?

தம்பி, ஹூஸ்டனில் கேட்டி பக்கம் வீடு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவாகிறது என்கிறார்கள், இன்றைக்கே வெள்ளக் காப்பீடு எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூரையில் கிடக்கும் பழைய ஆலங்கட்டி அடிக்குப் புதுக் கம்பெனியிடம் பணம் கேட்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்குமே பதில் முடியாது என்பதுதான். ஆனாலும் இன்றைக்கே பாலிசி எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வீட்டுக் கடனோடு எடுத்த ஹோம் இன்ஷூரன்ஸில் வெள்ளம் கிடையாது. புயல் காற்றில் கூரை பிய்த்துக்கொண்டு போய் மழை உள்ளே இறங்கினால் தருவார்கள். தெருவில் நின்ற தண்ணீர் வாசல் வழியாக வந்தால் தரமாட்டார்கள். அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பெரும்பாலானவர்கள் எடுப்பது அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம். வீட்டுக்கு 2,50,000 டாலர் வரை, சாமான்களுக்குத் தனியாக 1,00,000 டாலர் வரை. சாமான்களுக்கு என்று சொல்லி எடுத்தால்தான் அது சேரும்.

இந்தத் திட்டத்தில் பணம் கட்டியதும் 30 நாள் காத்திருக்க வேண்டும். மழை ரேடாரைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓடிவந்தால் கட்டுபடியாகாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வீடு எரியும்போது தீக்காப்பீடு கேட்பது போலத்தானே இது? பாலிசி தொடங்கும் நேரத்தில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் வெள்ளத்துக்கும் பணம் கிடையாது. இதில் உங்களுக்கு வலிக்கும் ஒரு விஷயம் உண்டு. வீட்டுக் கடன் குளோசிங்கோடு, அதாவது கையெழுத்துப் போட்டு வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளோடு, சேர்த்து எடுத்திருந்தால் காத்திருப்பே இல்லை, அன்றைக்கே தொடங்கியிருக்கும். “உங்கள் வீடு வெள்ளப் பகுதியில் இல்லை, தேவையில்லை” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

2017 ஆகஸ்டு 23, புதன்கிழமை. ஹார்வி புயல் வளைகுடாவில் மறுபடி வலுப்பெற்ற நாள். ஆபீஸ் கேன்டீனில் நின்றபடி ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்று பணம் கட்டினால் செப்டம்பர் 22 முதல் கவர்” என்றார். கட்டினேன். வெள்ளி இரவு டெக்சாஸ் கடலோர ஊரான ராக்போர்ட் அருகே புயல் கரையேறியது. எங்கள் வீடு ஹூஸ்டனுக்கு மேற்கே வெள்ளத்தைத் தேக்கும் பார்க்கர் அணைக்கு மேல்பக்கம். அணைக்குள் தேங்கிய தண்ணீர் பின்னோக்கி ஏறி எங்கள் தெருவுக்கு வந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. முதலில் கார்ப்பெட் ஓரம் கறுத்தது, காலை வைத்தால் சளக் என்றது. சாயங்காலத்துக்குள் பிளக் பாயின்ட் வரை ஏறிவிட்டது. அப்புறம் நான்கடி உயரத்துக்கு ஷீட்ராக்கை, அதாவது சுவர்ப் பலகையை, வெட்டி எடுத்து, தெருவோரம் குவித்தோம். மகளின் வீணையும் அந்தக் குவியலில்தான் போனது.

செப்டம்பர் 22 அன்று பாலிசி முறைப்படி தொடங்கியது. வீட்டில் அப்போது சுவரே இல்லை! “இப்போது கவர் இருக்கிறதே, கிளெய்ம் போட்டுப் பாரேன்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். சுவர் எப்போது உடைந்தது என்பது அந்த ஊருக்கே தெரியும். பாலிசி தொடங்குமுன் நடந்ததற்குப் பாலிசியில் இடமில்லை. தேதியை மாற்றிச் சொன்னால் அது மோசடிக் குற்றம், விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு இன்னும் மோசம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பழுது பார்த்த ரசீதுகளை மட்டும் ஒரு கோப்பில் போட்டு வைத்தேன். அடுத்த வெள்ளம் வந்தால், பழைய சேதம் சரிசெய்யப்பட்டதா என்று பார்ப்பார்கள், சரிசெய்யாததைக் கழித்துவிடுவார்கள். இன்னொன்று, வருடாவருடம் புதுப்பிக்கும் தேதியை விடாதீர்கள். முடிந்து 30 நாளுக்குள் கட்டினால் பாலிசி தொடரும், அதையும் தாண்டினால் காத்திருப்பு முதலிலிருந்து.

இனி கூரை. ஆலங்கட்டி விழுந்த அன்று எந்தப் பாலிசி இருந்ததோ, கிளெய்ம் அதற்குத்தான். நீங்கள் வாங்கும் முன் விழுந்திருந்தால் அது விற்றவரின் பாலிசி, உங்களுக்கு உரிமை இல்லை. புதுக் கம்பெனி ஆளை அனுப்பிக் கூரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், எந்த நாளில் எங்கே ஆலங்கட்டி விழுந்தது என்ற பதிவும் அவர்களிடம் இருக்கும். “டிடக்டபிளை (கிளெய்மில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கதவைத் தட்டும் கூரைக்காரர்களை நம்பாதீர்கள். டெக்சாஸில் 2019 முதல் அது சட்டவிரோதம். வீடு பார்க்கப் போனபோது வந்த இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையை ஒருதரம் புரட்டுங்கள். அதில் கூரை அடி குறித்திருந்தால், அது உங்களுக்கு முன்பே தெரிந்த சேதம் என்பதற்கு அதுவே சாட்சி.

இதே கணக்கு அம்மா அப்பாவை அழைக்கும்போதும் வரும். விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கான வழக்கமான சிகிச்சை பொதுவாகச் சேராது. உங்கள் ஆபீஸ் மருத்துவக் காப்பீடு அப்படியில்லை, பழைய நோயையும் ஏற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? ஏஜென்ட்டிடம் வெள்ளப் பாலிசியை எடுங்கள், இந்தப் புயலுக்கு உதவாது, ஆனால் புயல் சீசன் நவம்பர் கடைசி வரை இருக்கிறதே. காருக்குக் காம்ப்ரிஹென்சிவ், அதாவது வெள்ளம் போன்ற சேதத்துக்கும் தரும் காப்பீடு, இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புயல் வளைகுடாவுக்குள் வந்த பிறகு பல கம்பெனிகள் சேர்க்க மாட்டார்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுங்கள். காரை இன்றிரவே ஆபீஸ் பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் நிறுத்திவிட்டு, நண்பர் யாரையாவது வரச்சொல்லி வீடு திரும்புங்கள்.