பெங்களூரில் காபி எங்கே குடிக்கலாம்? கேள்வி பதில்

பெங்களூரின் தென்பகுதியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன் என்பதால், அந்த ஊரின் காபிக் கடைகளைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. இது எனக்குப் பிடித்த கடைகளின் கணக்கே தவிர, ஊரின் முழுக் கணக்கு அல்ல.

கேள்வி: நான் ஓசூரில் இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை மட்டும் பெங்களூர் வர முடியும். எந்தெந்தக் கடைகளுக்குப் போகலாம், ஐயா?

நல்ல கிழமையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளியும், லால்பாக் சாலை எம்.டி.ஆருக்குத் திங்களும், பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறும் வார விடுமுறை; மூன்றையும் ஒரே காலையில் முடித்துவிட நினைப்பவருக்குச் சனிக்கிழமை தோதானது.

முதலில் பிராமின்ஸ் காபி பாருக்குப் போங்கள். சங்கரபுரத்தில் சங்கர மடத்துக்கு அருகே இருக்கிறது; மெட்ரோவில் பச்சைத் தடத்தின் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1965 முதல் நடக்கும் இந்தக் கடையில் இட்லி, வடை, காராபாத் (ரவா உப்புமா), கேசரிபாத் (ரவா கேசரி) என்று நான்கைந்து பண்டங்களுக்கு மேல் தேடக் கூடாது. சாம்பார் கிடையாது, அந்தக் குறை தெரியாதபடி சட்னியைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உட்கார இடமும் கிடையாது என்பதால், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவோரத்தில் நின்றபடிதான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். காபியைக் கடைசியில் வாங்குங்கள். சிறிய கோப்பைதான், ஆனால் நாக்கில் காரச் சட்னி இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது அந்தச் சூடான காபி உள்ளே போவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அனுபவிக்காமல் இந்தக் கடையின் காபியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

அங்கிருந்து காந்தி பஜார் வரை நடந்தால் வித்யார்த்தி பவன். 1943இல் தொடங்கிய இந்தக் கடையில், பரிமாறுபவர் ஒரே கையில் தோசைத் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பதற்காகவே கூட்டம் கூடுகிறது. இங்கே தோசைதான் ராஜா, காபி மந்திரி. அதற்குப் பிறகும் வயிற்றில் இடம் இருந்தால் எம்.டி.ஆர். போகலாம். 1924இல் தொடங்கியபோது அதன் பெயர் பிராமின் காபி கிளப். மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் போனால் பெயரைப் பதிந்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், கூட்டத்துக்குப் பயந்தவர்கள் வரிசையை மாற்றி எம்.டி.ஆரிலிருந்து தொடங்குவது நல்லது.

கேள்வி: 'பை டூ' என்று எல்லோரும் கேட்கிறார்களே, அது என்ன?

ஒரு காபியை இரண்டு சிறிய டம்ளர்களில் பங்கிட்டுத் தருவது. நம் ஊரில் சூப்பை இப்படிப் பங்கிட்டு வாங்குவார்கள். பெங்களூரில் காபிக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளில் ஐந்தாறு முறை நண்பர்களோடு கடைக்குப் போகிறவர், ஒவ்வொரு முறையும் முழு டம்ளர் குடித்தால் இரவில் தூங்க முடியாது. 'ஒந்து பை டூ காபி, சக்கரே கம்மி' என்று சொன்னால் போதும், சர்க்கரை குறைத்துக் கொடுப்பார்கள். கம்மி என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருப்பது நமக்கு வசதி. தமிழிலேயே கேட்டாலும் பெரும்பாலான கடைகளில் புரிந்துகொள்வார்கள் என்றாலும், இரண்டு சொல் கன்னடத்தில் பேசினால் காசாளரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

கேள்வி: நான் கும்பகோணத்துக்காரி. பெங்களூரில் குடித்த காபி எனக்குத் தண்ணீராகவும் இனிப்பாகவும் தெரிந்தது. கள்ளிச்சொட்டு மாதிரி காபி கிடைக்கவே கிடைக்காதா?

உங்கள் குறையை நான் மறுக்கமாட்டேன், அம்மா. நம் பக்கத்தில் டபராவும் டம்ளருமாக வைத்து, நாமே ஆற்றி, நமக்கு வேண்டிய பதத்தில் குடிக்கிறோம். பெங்களூரில் சர்க்கரையைப் பாலிலேயே கலந்துவிடும் கடைகள் மிகுதி. டபரா இல்லாமல் சின்ன டம்ளரில் நேரே கைக்கு வரும். அதனால் முன்கூட்டியே 'ஸ்ட்ராங்' என்று சொல்லி, டிகாஷனைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, நாம் அடர்த்தி என்று நினைப்பதில் பாதி சிக்கரியின் வேலை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பொடித்தது. அதில் கஃபீன் இல்லை, ஆனால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது, ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய பாதி வரை சிக்கரியாகவே இருந்தாலும் அது குற்றமாகாது. கள்ளிச்சொட்டாக இருக்கும் காபியெல்லாம் நல்ல காபி என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன். உங்கள் ஊர்க் காபியைக் குறை சொல்வதற்காக அல்ல. கும்பகோணத்துக் காபியின் பெருமை தண்ணீர் கலக்காத பசும்பாலிலும் முதல் டிகாஷனிலும் இருக்கிறது. பெங்களூரின் நல்ல கடைகளிலும் பார்க்க வேண்டியது அந்த இரண்டைத்தான்.

கேள்வி: காபிக்குப் பெங்களூர் இவ்வளவு பெயர் பெற்றதன் காரணம் என்ன?

தோட்டங்கள் பக்கத்தில் இருப்பது முதல் காரணம். பாபா பூதன் என்ற சூஃபி ஞானி மெக்கா யாத்திரையிலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இன்று இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 விழுக்காடு குடகு, சிக்கமகளூர், ஹாசன் மாவட்டங்களை உள்ளடக்கிய கர்நாடகத்தில்தான் விளைகிறது. மத்திய அரசின் காபி வாரியத்தின் தலைமையகமும் பெங்களூரிலேயே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. 1990களின் தொடக்கம் வரை விவசாயி தன் விளைச்சலைத் தானே விற்க முடியாது. வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், வாரியம்தான் விற்கும். அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முற்றிலும் நீங்கியது. அதே 1996இல், சிக்கமகளூர்த் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வி.ஜி. சித்தார்த்தா, பிரிகேட் சாலையில் முதல் கஃபே காபி டேயைத் திறந்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் காபி விற்கும் இன்றைய கடைகளுக்கெல்லாம் வழி திறந்தது அந்த மாற்றம்தான்.

கேள்வி: இந்தியா காபி ஹவுஸ் இன்னும் இருக்கிறதா? என் தந்தையார் எம்.ஜி. சாலைக் கடையைப் பற்றி அடிக்கடி சொல்வார்.

எம்.ஜி. சாலைக் கடை 2009இல் மூடப்பட்டு, சர்ச் தெருவுக்கு இடம் மாறியது. தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்த பரிமாறுபவர்கள் அங்கேயும் தொடர்ந்தார்கள். காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்கள் 1950களில் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்களைக் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். அந்தச் சங்கங்களில் முதலாவது 1957 ஆகஸ்டில் பெங்களூரில்தான் தொடங்கியது. காபியைக் கொண்டுவந்து வைப்பவரும் சங்கத்தின் பங்காளி என்பதாலோ என்னவோ, அங்கே யாரும் நம்மை எழுந்திருக்கச் சொல்லி அவசரப்படுத்தியதில்லை. உங்கள் தந்தையாரை ஒருமுறை அழைத்துவாருங்கள்; பழைய மேசையும் பழைய சன்னலும் இல்லை என்று அவர் முணுமுணுப்பார், ஆனாலும் இன்னொரு காபி கேட்பார்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மடிக்கணினியோடு இரண்டு மணி நேரம் உட்கார நீங்கள் சொல்லும் கடைகள் உதவாதே?

உதவாதுதான். அதற்குப் பெங்களூரிலேயே பிறந்த தேர்ட் வேவ் போன்ற புதிய கடைகள் இருக்கின்றன. இந்திராநகர் பன்னிரண்டாம் மெயின் சாலையில் உள்ள அரக்கு கஃபேயை நான் விரும்புவேன். ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் அராபிகா வகைக் காபியை, பால் கலக்காமல் அங்கே குடித்துப் பார்க்க வேண்டும். விலை உறுத்தும். ஒரு புதுக் கடையில், பெயர் வேண்டாம், இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆறிப்போன காபியை வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. விலை உயர்ந்திருப்பதால் சூடும் உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. நின்றுகொண்டு குடிக்க முடியாது.

எம்.டி.ஆர்., வித்யார்த்தி பவன், இந்தியா காபி ஹவுஸ் மூன்றிலும் உட்காரலாம். செயின்ட் மார்க்ஸ் சாலையில் உள்ள கோஷீஸ் உணவகமும் உண்டு. செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும் வரை அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுபோக எந்தத் தூள் வாங்குவது?

பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடைகளில் வாங்குங்கள். 'பிளாண்டேஷன் ஏ' என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா, மணம் அதில்தான். 'பீபரி' என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக, உருண்டையாக விளைந்த கொட்டை. இரண்டையும் சமமாகக் கலந்து, எண்பதுக்கு இருபது என்ற அளவில் சிக்கரி சேர்க்கச் சொன்னால், வீட்டு ஃபில்டருக்குச் சரியாக இருக்கும். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். அரைத்த தூள் இரண்டு வாரத்தில் மணத்தை இழக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: நீங்கள் தினமும் குடிக்கும் கடை எது? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்களே.

வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு தர்ஷினி. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் இந்த வகைக் கடைகள் 1980களில் ஜெயநகரில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவின. எந்தப் பேட்டையிலும் நல்லதாக ஒன்றிரண்டு இருக்கும் என்பதால் பெயரைச் சொல்லி உங்களை அலைக்கழிக்கவில்லை. தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், காலை ஆறரைக்குள் போய், ஆட்டோ ஓட்டுநர்களும் பால் போடுபவர்களும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருப்பது முதல் டிகாஷன். பதினோரு மணிக்குப் போய்விட்டு, நான் சொன்ன காபி சரியில்லை என்று எழுதாதீர்கள்.