மலாயா, சிங்கப்பூர் போரில் லீ என்ஃபீல்டு, அரிசாக்கா: எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் மேலானது?

கேட்டவர் சிங்கப்பூர் தேசிய சேவையில் (என்எஸ்) எஸ்ஏஆர் 21 தானியங்கி ரைஃபிளைச் சுட்டுப் பழகியவர். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துக்கொண்டு 1942இல் எப்படிச் சண்டை போட்டார்கள், பிரிட்டிஷ் பக்கத்து .303 தோட்டா சுடும் லீ என்ஃபீல்டு நல்லதா, ஜப்பானிய அரிசாக்கா நல்லதா என்பது அவருடைய கேள்வி.

என் பதில்: காட்டிலும் ரப்பர்த் தோட்டத்திலும் எதிராளி 50 முதல் 200 மீட்டருக்குள் ஒரு நொடி தென்பட்டு மறையும் சண்டைக்கு லீ என்ஃபீல்டுதான் மேல். ஆனால் அதன் பலம் புத்தகங்கள் குறையாகச் சொல்லும் இடங்களிலிருந்தே வருகிறது. அதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

போல்ட் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியை மேலே தூக்கினால் பூட்டு விடுபடும். பின்னால் இழுத்தால் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி வெற்றுக்கூட்டை விளிம்பில் பற்றி வெளியே கொண்டுவந்து எறியும். முன்னால் தள்ளினால் மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) மேலாக இருக்கும் தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் போல்ட்டின் லக்குகள் (பூட்டும் புடைப்புகள்) ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உலோக உடலில், பூட்டிக்கொள்ளும். இது எல்லா ராணுவ போல்ட் ரைஃபிளுக்கும் பொது. லக்குகள் எங்கே இருக்கின்றன, சுடும் ஊசியின் ஸ்பிரிங் எந்த அசைவில் அமுங்குகிறது என்ற இரண்டில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

ஜெர்மனியின் 1898 மவுசரும் அதை ஒட்டி வந்த அரிசாக்காவும் லக்குகளைப் போல்ட்டின் முன்நுனியில் வைத்தன. வெடிப்பின் அழுத்தம் தோட்டாவுக்கு ஒட்டினாற்போலவே தாங்கப்படுவதால் அது மிக உறுதியான அமைப்பு. போருக்குப் பிறகு அமெரிக்காவில் ரைஃபிள்களை உடையும்வரை அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது 38ஆம் வகை அரிசாக்கா மற்றவற்றைவிட அதிகம் தாங்கியது. ஸ்காட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ தன் வடிவமைப்பில் லக்குகளைப் பின்பக்கம் வைத்தார். இதில் சுடும்போது போல்ட் முழு நீளத்துக்கும் அமுங்கும், கூடும் சற்று நீளும். உறுதி குறைவு என்பது உண்மை.

பதிலுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். போல்ட் பின்னால் போக வேண்டிய தூரம் குறைந்தது. கைப்பிடியை மவுசரில் 90 பாகை தூக்க வேண்டும், லீயில் சுமார் 60 போதும். கைப்பிடிக் குமிழ் சுடும் விசைக்கு (டிரிகருக்கு) நேர் மேலேயே வந்து நிற்கிறது. 38ஆம் வகையிலோ கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு, விசையைவிட முன்னால் இருக்கும். கை ஒவ்வொரு முறையும் போய்த் திரும்ப வேண்டும்.

ஸ்பிரிங் விஷயமும் முக்கியம். மவுசர் 98இல் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங்கையும் அமுக்க வேண்டும். சூடான அறையில் கூடு ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு வேலையும் ஒன்றாகக் கைமேல் விழும். லீயில் முன்னால் தள்ளும் கடைசிப் பகுதியில்தான் ஸ்பிரிங் அமுங்கும், அப்போது உள்ளங்கையின் முழு பலமும் பின்னால் இருக்கும். திறக்கும் பலமெல்லாம் கூட்டை எடுப்பதற்கே. அரிசாக்காவும் இதே முறைதான், இந்த ஒன்றில் இரண்டும் சமம்.

பிரிட்டிஷ் பயிற்சியின் அளவுகோல் 300 கஜ இலக்கில் ஒரு நிமிடத்துக்கு 15 குறிவைத்த குண்டுகள். அதற்கு வேகத்தைவிட ஒழுங்கு வேண்டும்: ரைஃபிளின் மரக்கட்டை தோளை விட்டு நகரக்கூடாது, கன்னம் கட்டையிலேயே இருக்க வேண்டும், போல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் குமிழை விடாமல் பிடித்துக்கொண்டு நடுவிரலால் விசையை இழுப்பார்கள். விசைக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் இழுப்பு இலகு, பிறகு ஒரு தடை தெரியும், அங்கே மூச்சை நிறுத்தி இரண்டாவது இழுப்பு. புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை போல்ட்டை முக்கால்வாசி மட்டும் இழுப்பது. போல்ட்டின் முகம் அடுத்த தோட்டாவின் பின்னால் வரவே வராது, வெறும் அறையின்மேல் பூட்டிவிட்டு விசையை இழுத்து "கிளிக்" கேட்டுத் திகைப்பார்கள்.

மேகசினில் 10 தோட்டா. கழற்ற முடியும் என்றாலும் நம் ரைஃபிள்களில் மாற்றுவது போல அதை மாற்றவில்லை. வாய்ப்பகுதி அந்தந்த ரைஃபிளுக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டது, வளைந்தால் தோட்டா மேலேறாது. 5 தோட்டா பிடிக்கும் சார்ஜர் கிளிப்பை மேலே உள்ள பள்ளத்தில் நிறுத்திக் கட்டைவிரலால் அழுத்தி இறக்க வேண்டும், இரண்டு கிளிப் போட்டால் நிறைந்துவிடும். அரிசாக்கா 5 தோட்டாவோடு நின்றுவிடும்.

.303இன் பெரிய தொல்லை விளிம்பு. தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிட அகலம். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் சுலபமாக நழுவிப் போகும். பின்னால் மாட்டினால் இரண்டும் கோத்துக்கொண்டு போல்ட் பாதியில் நிற்கும். சார்ஜரில் 1, 3, 5 ஒரு படியிலும் 2, 4 அடுத்த படியிலும் அடுக்குவது இதற்காகத்தான். எந்த முனையைக் கீழே வைத்தாலும் வரிசை மாறாது. உதிரியாக நிரப்புகிறவர் ஒவ்வொரு விளிம்பையும் கீழே உள்ளதற்கு முன்னால் வைக்க வேண்டும். சிக்கினால் போல்ட்டைப் பலமாகத் தள்ளக்கூடாது, மேகசினைக் கழற்றி அடுக்கைச் சரிசெய்வதே வழி.

இன்னொன்று, போல்ட்டை மாற்றிப் போடுவது. லீயில் போல்ட்டின் தலை தனி உறுப்பு, மரைபோட்டுத் திருகுவது. அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடைவெளி 0.064 முதல் 0.074 அங்குலம் வரை இருக்கலாம். பல ரைஃபிளைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போல்ட்டைக் கைக்கு வந்தபடி போட்டால் இந்த அளவு தப்பும். அதிகமானால் கூடு அடிப்பகுதியில் அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா பாதியில் நிற்கும். அதை எடுக்கத் தனிக் கருவி உண்டு. போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண் பொறித்தது இதற்காகவே.

இனி நம் பருவநிலை. எது மேல் என்ற கேள்வியில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முதன்மை. அக்காலத் தோட்டாக்களின் எரியூட்டியில் (ஊசி குத்தியதும் முதலில் தீப்பிடிக்கும் பகுதியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, மேலே மூடி மட்டும் வைக்கும், அடியில் துரு அரிக்கும். எனவே சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றிவிட்டு, புனல் வைத்து அறைப்பக்கத்திலிருந்து சுமார் 3 லிட்டர் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். குழல் சூடேறித் தானாகவே காய்ந்துவிடும். பிறகு கட்டையின் அடிமூடிக்குள் இருக்கும் கயிற்றில் 4×2 அங்குல ஃபிளானல் துணியைக் கோத்து, பித்தளை எடையை அறைப்பக்கம் இறக்கி, முனைப்பக்கமாக ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கயிறு முனையின் ஓரத்தில் உரசக்கூடாது. உரசினால் நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து குறி கெடும். எண்ணெய் இடுவதற்கு 4×1½ அங்குலத் துணி போதும்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது தலையை முழுதாகத் திருகி இறக்கியிருக்கிறோமா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு சுற்று குறைந்தாலும் ஆபத்து.

ஜப்பானியர் இந்த ஈரப் பிரச்சினைக்கு வேறு விடை கண்டார்கள். 38ஆம் வகைக்கு அடுத்து வந்த 99ஆம் வகை அரிசாக்காவின் தொடக்கத் தயாரிப்பில் குழலின் உட்புறத்துக்குக் குரோம் பூசினார்கள். இந்த ஒரு விஷயத்தில் அரிசாக்கா தெளிவாக முந்துகிறது, எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு. போல்ட்டின் மேல் சறுக்கும் தகட்டு மூடியும் தூசியைத் தடுக்க நல்ல எண்ணம்தான், ஆனால் அது சத்தம் போடும் என்று பலர் கழற்றி எறிந்தார்கள்.

ஈரம் மரத்தையும் விடாது. லீ என்ஃபீல்டின் முன்கட்டை குழலை முழுவதும் போர்த்தியிருக்கும், முனைக்கு அருகே ஒரு ஸ்பிரிங் பொத்தான் குழலை மேல்நோக்கித் தாங்கும். மரம் ஊதிக் குழலை வேறிடத்தில் அழுத்தினால் குறி நகரும். ரிசீவர் உதைக்கும் இடத்தில் மரம் எண்ணெய் ஊறி மெத்தென்று ஆனாலும் இதே கதை. இந்தியாவின் ஈசாப்பூர் தொழிற்சாலை முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு வலுவூட்டும் திருகு போட்டது.

எண்களில் சொன்னால், 1907இல் வந்த லீ என்ஃபீல்டு மார்க் 3இன் நீளம் 1,130 மி.மீ., குழல் 640 மி.மீ., எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 38ஆம் வகையின் நீளம் சுமார் 1,280 மி.மீ., குழல் 797 மி.மீ., பயனட் மாட்டினால் 1.66 மீட்டர். புதருக்குள் அதைத் திருப்புவது சிரமம். ஆனால் அதன் 6.5 மி.மீ. தோட்டாவின் வெடிமருந்து குறைவு, குழல் நீளம், ஆகவே மருந்து முழுதும் உள்ளேயே எரிந்துவிடும். முனையில் தீப்பொறி மிகக் குறைவு. நிழலடர்ந்த காட்டில் சுடுபவர் எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். உதைப்பும் மென்மை. .303இன் மார்க் 7 குண்டு 11.3 கிராம், நொடிக்கு 744 மீட்டர். அது தோளுக்குத் தெரியும்.

தோளுக்கு ஏற்பக் கட்டை நீளம் மாற்றும் வசதி லீயில் இருந்தது: நீளம், சாதாரணம், குட்டை, மிகக் குட்டை, ஒவ்வொன்றும் அரை அங்குல இடைவெளியில். உயரம் குறைந்தவருக்கு இது பெரிய உதவி. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் தொடங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படை முகாமில் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் தூக்கிப் பழகியது இந்த .303தான். ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் ஆயுதங்களே இந்திய தேசிய ராணுவத்துக்குப் போயின. நான்கு கிலோவைத் தோளில் வைத்துக் கிடந்தும் நின்றும் குறி பழகுவது எவ்வளவு உழைப்பு என்று என்எஸ் முடித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் விழுந்ததற்கு ரைஃபிளைக் காரணம் காட்டுவது தவறு. வானம் ஜப்பானியர் கையில் இருந்தது, அவர்களிடம் டாங்கிகள் இருந்தன, மலாயாவில் பிரிட்டிஷார் பக்கம் டாங்கி இல்லை. இந்தியப் பட்டாளங்களில் பலர் அவசரமாகச் சேர்க்கப்பட்டுப் போதிய பயிற்சி பெறாதவர்கள். நிமிடத்துக்கு 15 குண்டு சுடவல்ல ரைஃபிள் அந்தப் பயிற்சி இருந்தால்தான் 15 சுடும்.

1948இல் தொடங்கிய மலாயா அவசரகாலத்தில் இதே லீயின் குட்டை வடிவமான எண் 5 'ஜங்கிள் கார்பைன்' வந்தது. ஒரு மீட்டர் நீளம், சுமார் 3.2 கிலோ. சுமப்பதற்கு இதம், சுடுவதற்கு இல்லை. எடை குறைந்ததால் உதைப்பு கூடியது, குறுகிய ரப்பர்த் தாங்கி காலப்போக்கில் கெட்டிப்பட்டு இன்னும் வலித்தது. குறி நிலையாக நிற்பதில்லை என்ற புகாரும் அதைக் கடைசிவரை விடவில்லை.

அருங்காட்சியகத்தில் பார்க்க நேர்ந்தால் லீ என்ஃபீல்டின் கைப்பிடி வேருக்கு அருகே, வலப்பக்க உலோகத்தைப் பாருங்கள். கிரீடமும் ஆண்டும் செய்த இடமும் அங்கே பொறித்திருக்கும், இந்தியாவில் செய்ததில் 'ஜி.ஆர்.ஐ.' (மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் எழுத்துகள்), 'ஈசாப்பூர்' என்று இருக்கும். அரிசாக்காவில் ரிசீவரின் மேல் 16 இதழ்ச் சாமந்திப்பூ பொறித்திருப்பார்கள். சரணடைந்தபின் ஒப்படைத்த ரைஃபிள்களில் பெரும்பாலும் அது அராவப்பட்டிருக்கும். பூ முழுசாக இருந்தால் அந்த ரைஃபிள் அநேகமாகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பற்றப்பட்டது.