வைனி சிரிக்காத காட்சி

‘மனசை லேசாக்கும் படங்களுக்குப் பெரிய விருதுகள் ஏன் கிடைப்பதில்லை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவர்களுக்குச் சோகம்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதியை மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை மூன்று முறை வாங்கியிருக்கிறார். மூன்றாம் பிறை (1982), நாயகன் (1987), இந்தியன் (1996). மூன்றும் தகுதியான விருதுகள்தான். நடுவில் 1990 தீபாவளிக்கு மைக்கேல் மதன காமராஜன் வந்தது. நாலு வேடம், நாலு விதமான தமிழ். அதற்கு அந்த விருது இல்லை.

அந்தப் படத்தை எங்கள் வீட்டில் எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கே கிடையாது. பாட்டி பாலக்காட்டுக்காரி. சமையல்காரர் காமேஸ்வரன் வாயைத் திறந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுகிற இடம் வந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அசல் நம்மாத்து மனுஷா மாதிரியே பேசறானே!” என்பாள். மலையாளம் கலந்த அந்த இழுப்பும், வார்த்தைகளை விழுங்குகிற பயமும் அப்படியே எங்கள் தாத்தா வழி உறவினர்கள்.

பக்கத்து வீட்டு வைனி (மராட்டியில் அண்ணி என்று அர்த்தம்) மராட்டிக்காரர். அவரும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். மீன் காட்சியில் நாங்கள் உருண்டு புரண்டு சிரிக்க, அவர் எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தி விளக்கினேன். பாலக்காட்டு ஐயர், சைவச் சமையல், அதில் மீன்! “அச்சா” என்றார். அவ்வளவுதான். சிரிப்பை விளக்க ஆரம்பித்தாலே அது செத்துப்போகிறது. இதே வைனி இன்னொரு நாள் மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சியைப் பார்த்தார். ரயில் நிலையத்தில் கமல் குரங்கு மாதிரி குதித்துக் காட்ட, ஸ்ரீதேவி அடையாளம் தெரியாமல் பார்க்கிற அந்த இடம். ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அழுதுகொண்டிருந்தார்.

தேசிய விருது நடுவர்கள் பல மொழிக்காரர்கள். தமிழ் தெரியாத ஒருவருக்குக் கிரேஸி மோகனின் வசனம் சப்டைட்டிலாக வந்தால் என்ன மிஞ்சும்? அழுகை சப்டைட்டில் இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதோடு, சில பேர் மட்டும் உட்கார்ந்து, வரிசையாகப் படங்களைப் பார்க்கும் அறையில் சிரிப்பு எப்படிப் பற்றிக்கொள்ளும்? மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்த மும்பைக்காரர்களைக் கேளுங்கள். பின் வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தால்தான் முன்னால் இருப்பவர்களுக்கும் வரும்.

மொழி மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மௌனப் படங்களால் உலகத்தையே சிரிக்க வைத்த சாப்ளினுக்கு 1972இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். போட்டியில் அவர் வென்ற ஒரே ஆஸ்கர் அடுத்த ஆண்டு, அதுவும் இசைக்காக. அழும் நடிகரின் உழைப்பு முகத்தில் தெரிகிறது. நகைச்சுவை நடிகரோ உழைப்பு தெரியாமல் இருக்கத்தான் உழைக்கிறார். அரை நொடி பிசகினால் போச்சு. சரியாக விழுந்துவிட்டால், ‘இயல்பாக வருகிறது அவருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நாகேஷுக்கு ஒரு பத்ம விருதுகூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கென்று தேசிய விருதில் 1970களிலிருந்தே தனிப் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் அது பந்தியில் தனியாக ஒரு இலையைப் போட்டு ஓரமாக உட்கார வைப்பது மாதிரி. ஒரு படத்தில் நடித்தவருக்கு அதனால் என்ன?

அதனால்தான் திருச்சிற்றம்பலம் படத்துக்காக நித்யா மேனனுக்குச் சிறந்த நடிகை விருது என்று 2024இல் செய்தி வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். தோழனைக் கிண்டல் செய்துகொண்டு, சும்மா கூடவே இருக்கிற பெண். பெரிதாக ஓலமிடுகிற காட்சியை நம்பி நிற்கிற பாத்திரமே இல்லை. இன்னொருத்தருக்கும் சேர்த்துத்தான் அந்த ஆண்டு விருது பகிர்ந்து தரப்பட்டது, பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி வைனியைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தி விளக்கவில்லை. பாதிக்கு மேல் அவரே சிரிக்க ஆரம்பித்தார்.